மந்திரமூர்த்தி வீட்டுப் பல்லி

இந்தக் கதையில் பாத்திரக்கடை மந்திரமூர்த்தி ஒரு தடவை சிரிப்பார். உதட்டைக் கோணிக்கொண்டு சிரிக்கிற கடைச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி ஆட, வேட்டி நெகிழ, பார்த்தவர்கள் தண்ணீர் எடுத்துவர ஓடுகிற சிரிப்பு. அவர் சிரித்தால் நீங்களும் சிரிப்பீர்கள், அதற்கு உத்தரவாதம் உண்டு. ஆனால் இப்போது இல்லை. முதலில் ஊருக்குக் கண் காய வேண்டும், அப்புறம் பல்லி சொல்ல வேண்டும், அப்புறம் ஒரு கல்யாணம் நிற்க வேண்டும். அதற்கெல்லாம் பிறகுதான் சிரிப்பு. அதுவரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருங்கள், எப்படியும் எல்லாரும் மாஸ்க் போட்டிருக்கிற காலத்துக் கதைதான்.

மந்திரமூர்த்தி பூவங்குறிச்சி மேலரத வீதியில் பித்தளையும் எவர்சில்வரும் விற்கிறவர். அதுவரை சிரித்ததில்லை. கடைக்காரன் சிரித்தால் வாங்க வந்தவள் விலையைக் குறைக்கச் சொல்வாள் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார், ஏனென்றால் மனைவி உலகம்மாளும் எதையாவது குறைக்கச் சொல்லக்கூடும் அல்லவா. அவர் பேச மாட்டார், தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு முடிந்ததும் கண்ணை இறுக மூடித் திறப்பார், பத்திரத்தில் முத்திரை குத்துகிற மாதிரி. அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது.

அவர் யார் சொல்லையாவது கேட்பார் என்றால் அது பல்லி சொல்லைத்தான். பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கம் அவருக்கு மனப்பாடம்: கிழக்கே சொன்னால் காரிய ஜெயம், தெற்கே சொன்னால் காரியத் தடை. சத்தம் கேட்டதும் ஆள்காட்டி விரலை மடக்கி, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதில் மூன்று தட்டுத் தட்டுவார். கடை திறந்ததும் பல்லி சொல்லித்தான், வண்டி வாங்கியதும் பல்லி சொல்லித்தான், உலகம்மாளைக் கட்டியதும் பல்லி சொல்லித்தான். அன்றைக்குச் சொன்ன பல்லியை உலகம்மாள் இன்றைக்கும் துடைப்பத்தோடு தேடிக்கொண்டிருக்கிறாள்.

இப்படி இருக்கிறபோதுதான் நோய் வந்து, ஊரடங்கு வந்து, கடை பூட்டி, ஊர் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்தது. பிள்ளைகள் போனில் பாடம் பார்த்தார்கள், பெரியவர்கள் எந்தத் தெருவில் யார் செத்தார்கள் என்று பார்த்தார்கள், மாமியார்கள் சொற்பொழிவு பார்த்தார்கள், மருமகள்கள் மாமியார்கள் பார்க்காதபோது சீரியல் பார்த்தார்கள், யாரும் கண்ணைச் சிமிட்டவில்லை, சிமிட்டினால் எதுவோ தவறிப்போகும் என்று பயந்தார்கள். வெளியே கிளம்பினால் மாஸ்க். அதையாவது ஒழுங்காகக் கட்டினார்களா? மூக்குக்கு மேலே வாசல் மாதிரி திறந்துவிட்டுக் கட்டினார்கள். விட்ட மூச்செல்லாம் அந்த வாசல் வழியே மேலே ஏறிக் கொல்லன் துருத்தி மாதிரி கண்ணுக்குள் ஊதியது. ஊதி ஊதிக் கண்ணில் இருந்த ஈரமெல்லாம் வற்றி, ஒரு நாள் காலையில் ரேஷன் கடை வரிசையில் யாரோ கண்ணைச் சிமிட்ட, ‘ச்சிக்’ என்று இமை கத்தியது. மூடும்போது ஒரு ச்சிக், திறக்கும்போது ஒரு ச்சிக்.

“எவம்வே அது, செருப்ப மாத்தித் தொலையேன்” என்றார் ரேஷன் கடைக்காரர், தன் கண்ணும் ச்சிக் என்று சொல்ல.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ச்சிக்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்த வருஷம் ஆச்சரியத்தையும் பூட்டி வைத்திருந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் நீள மூக்கு எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, கீல் மாதிரி நினைத்து இமைக்கு எண்ணெய் விட்டார். விட்டவர்களுக்குச் சத்தம் போகவில்லை, கண்தான் தெரியாமல் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினால் நல்லது என்று யாரோ சொல்ல, ஊரில் ஒரு செடியில் மொட்டு இல்லை. தாய்ப்பால் நல்லது என்று வேறு யாரோ சொல்ல, பிள்ளை பெற்ற வீட்டு வாசலிலெல்லாம் மீசை வைத்த ஆண்பிள்ளைகள் கிண்ணத்தோடு நின்றார்கள். உள்ளேயிருந்து வெந்நீர் வந்ததும் கலைந்தார்கள். குடும்பக் குழுக்களில் செய்தி பறந்தது: ‘நம் முன்னோர்கள் என்ன முட்டாள்களா? இமைக்கு ஏன் மை தீட்டினார்கள்? வெள்ளைக்காரனே மிரண்ட ரகசியம்! உண்மையான தமிழனாக இருந்தால் பகிரவும்!’ ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு வந்தவர் தொண்டையைச் செருமி, “பொதுமக்கள் அத்தியாவசியத் தேவையின்றிக் கண் சிமிட்ட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்று தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டார். பாத்திர வியாபாரிகள் சங்கம், மந்திரமூர்த்தி தலைமையில், சாயங்காலம் ஊரே வாசலுக்கு வந்து ஒரே நேரத்தில் சிமிட்டினால் அந்த அதிர்ச்சியில் கிருமி ஓடிவிடும் என்று தீர்மானம் போட்டது. சிமிட்டினார்கள். காக்கைகள் ஓடிப்போயின. கிருமி இருந்தது.

ஊரடங்கில் சுற்றியவர்களைப் போலீஸ்காரர் ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும், ஒளிந்திருந்தவன் சிமிட்டினான். ஆளுக்கு ஒரு சத்தம் இருந்தது. கொடுக்காப்புளிக் காய் வெடிப்பது மாதிரி ஒருவருக்கு, வெண்கலப் பானையை நகத்தால் கீறுவது மாதிரி ஒருவருக்கு. சாவு வீடுகளில்தான் வேடிக்கை. யாருக்கும் கண்ணீர் வரவில்லை, ச்சிக் ச்சிக் என்று அழுதார்கள். பெற்ற மகள்கள் தவித்துப்போனார்கள், மருமகள்கள் மட்டும் நிம்மதியாக இருந்தார்கள், யாருக்குமே வராதபோது அவர்களை மட்டும் என்ன கேட்க முடியும்?

ஊரில் ஒரு கண் டாக்டர் இருந்தார். போனில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னார்: “கண்ணு காய்ஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. இந்தச் சமயத்துல ஊர் ஒலகம் பூரா இருக்கு. போனக் கொறைங்க, அடிக்கடி கண்ணச் சிமிட்டுங்க, மாஸ்க்க மூக்குமேல அமுக்கிப் போடுங்க, சொட்டு மருந்து தாரேன்.”

“இதச் சொல்லவா இவரு படிச்சாரு” என்று ஊர் போனை வைத்துவிட்டு, மறுபடி போனை எடுத்துப் பார்த்தது.

மந்திரமூர்த்தி டாக்டருக்குப் போன்கூடப் போடவில்லை. அவர் வீட்டில் நோய் கிடையாது. ஊரெல்லாம் சளி பிடித்தபோது அவர் வீட்டில் அதற்குப் பெயர் ‘தூசி’. ஊரெல்லாம் கண் கத்தியபோது அவர் வீட்டில் கத்தியது பல்லி.

“இங்கேருங்க, அந்தச் சத்தம் உங்க கண்ணுல இருந்துதான் வருது” என்றாள் உலகம்மாள், சொல்லிவிட்டு ச்சிக் என்று சிமிட்டினாள்.

“எனக்கா? எனக்குக் கண்ணு எண்ண போட்ட மாதிரி இருக்கு. சீக்குப் புடிச்ச குடும்பம்னு நீயே ஊருக்குச் சொல்லுவ போலுக்கே! வயசுக்கு வந்த பிள்ளைய வச்சிக்கிட்டுப் பேசுத பேச்சா இது? கஞ்சி குடிச்சு வளந்த ஒடம்பு, நமக்கெல்லாம் அது வராது.” சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

ச்சிக், ச்சிக்.

“கேட்டியா? கிழக்க சொல்லுது!” மூன்று தட்டுத் தட்டினார்.

அவர் எப்போதும் கிழக்கே பார்த்துத்தான் உட்காருவார். அதனால் அந்தப் பல்லியும் எப்போதும் கிழக்கேதான் சொன்னது. இப்படி ஒரு சத்தியவாக்குள்ள பல்லியை அவர் ஆயுளில் கண்டதில்லை. முன்பெல்லாம் ஒரு முடிவெடுக்க நாள் கணக்கில் சுவரைப் பார்த்துக் காத்திருப்பார். இப்போது வாயை மூடியதும் பதில். “இன்னும் ரெண்டு வாரத்துல கட தெறந்திரலாம்” என்பார், கண்ணை மூடித் திறப்பார், ச்சிக் ச்சிக். கடை திறக்கவில்லை. “இப்பத்திக்குத் தெறக்கமாட்டான்” என்பார், ச்சிக் ச்சிக். “நான் சொன்னா சொன்னதுதான்” என்பார், ச்சிக் ச்சிக். ராஜாவுக்கு மந்திரிகள் தலையாட்டுவார்கள் என்று சொல்வார்களே, அதில்கூட எவனாவது ஒருவன் தூங்கிவிடுவான். இந்த மந்திரி தூங்கவே இல்லை.

சிரிக்காதீர்கள். இன்னும் அவர் சிரிக்கவில்லை.

வைகாசியில் முத்துப்பேச்சி போன் செய்தாள். பக்கத்து ஊர்க்காரி, தூரத்து உறவு. அவள் மகன் மகாராசன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக், விடுமுறைக்கு வந்தவன் விமானம் நின்றுபோனதால் வீட்டிலேயே கிடந்தான். முப்பது தாண்டிவிட்டது, முன்நெற்றி முடியெல்லாம் ஷார்ஜாவிலேயே தங்கிவிட்டது.

“அண்ணாச்சி, சும்மா கெடக்கான், இந்தச் சமயத்துலயே முடிச்சிருவோமா? உங்க வடிவக் குடுங்க. அம்பது பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு அரசாங்கமே சொல்லிட்டு. பந்தலும் வேண்டாம், பந்தியும் வேண்டாம்.”

மந்திரமூர்த்திக்கு அந்த ‘பந்தியும் வேண்டாம்’ காதில் தேனாக விழுந்தது. ஒரே மகள் சுடலைவடிவு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள், பதினேழு வயது. ஆவணி வந்தால்தான் பதினெட்டு.

“ஒரு மாசம் முன்னப்பின்ன இருந்தா என்ன? ஊரே மொகத்த மூடிக்கிட்டுத் திரியுது, எவன் வந்து வயசு கேக்கப்போறான்? இந்த ஆனிக்குள்ள முடிச்சிருவோம்” என்று தீர்ப்புச் சொல்லி, முத்திரையும் குத்தினார். ச்சிக் ச்சிக். கிழக்கே. தட்டினார். முடிந்தது.

வடிவு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில் கல்லூரி, ஹாஸ்டலில் ஒரு கட்டில், அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரிகளை வார்டன் குரலில் மிரட்டுவது: இவ்வளவுதான் அவள் கேட்டது. அவளுக்கு எல்லாக் குரலும் வரும். குக்கர் விசில் அடித்து அடுத்த வீட்டுக்காரியை அடுப்பை அணைக்க ஓடவைப்பாள். யாருக்குப் போன் போட்டாலும் முதலில் இருமிவிட்டு நோய் அறிவுரை சொல்கிற அரசாங்க அம்மணியின் குரலில் பேசித் தன் தாய்மாமனை அரைமணி நேரம் கை கழுவ வைத்திருக்கிறாள். ஹெட்மாஸ்டர் குரலில் ஒரு வகுப்புக்கே லீவு விட்டிருக்கிறாள். எல்லாக் குரலும் வருகிறவளுக்கு அப்பாவின் முன்னால் சொந்தக் குரல் மட்டும் வராது. வந்தாலும் அவர் கேட்க மாட்டார்.

“கால்ல விழுந்து ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடுட்டி, மனசு எளகும்” என்றாள் உலகம்மாள் சமையலறையில்.

போய் விழுந்தாள். முகத்தைக் கோணினாள், விம்மினாள், வெங்காயம் உரித்த கையைக் கண்ணில் வைத்தும் பார்த்தாள். ஊருக்கே காய்ந்த கண் அவளுக்கு மட்டும் சுரக்குமா? ச்சிக் ச்சிக் என்றது.

மந்திரமூர்த்தி குனிந்து மகளின் முகத்தை உற்றுப் பார்த்தார். “சொட்டுக் கண்ணீர் வரலயே! வேண்டாம்னா அழுகை வந்திருக்கும்லா? உள்ளுக்குள்ள சந்தோஷம், வெளிய சொல்ல வெக்கம்.” மனைவியைப் பார்த்துச் சொன்னார்: “பிள்ளைக்குச் சம்மதம்.” முத்திரை. ச்சிக் ச்சிக். “பல்லியும் சொல்லிட்டு!”

வடிவு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

“எம்மா, அப்பாவுக்குத் தெக்கால பல்லி சொன்னா என்ன செய்வாரு?”

“வீட்ட விட்டே எறங்கமாட்டாரு.”

“அந்த மாஸ்க்க எடு.”

மறுநாளிலிருந்து வடிவு வீட்டுக்குள்ளும் மாஸ்க் போட்டாள். சாப்பிடும்போதுதான் எடுப்பாள், அதுவும் அப்பா எழுந்தபிறகு. மந்திரமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. போனில் கிடைத்தவர்களிடமெல்லாம், “எம்மவ வீட்டுக்குள்ளகூட மாஸ்க்கக் கழட்டமாட்டா, அவ்வளவு கட்டுப்பாடு” என்று சொன்னார். அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் உதடு குவிந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், வாயைத் திறக்க வேண்டாம்.

முத்துப்பேச்சி வீட்டிலிருந்து பூ வைக்க வருவதாகச் சொன்ன அன்று காலையில், மந்திரமூர்த்தி சட்டையில் ஒரு கை நுழைத்திருந்தபோது, தெற்குப் பக்கம் தண்ணீர்க் குடத்தருகில் ச்சிக் ச்சிக் என்றது. மறு கை நுழையவில்லை. அப்படியே உட்கார்ந்து, “இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிரு” என்றார். அடுத்த நாள் குறித்தார்கள். அன்றைக்கும் தெற்கே. அதற்கடுத்த நாள் அவர் தந்திரமாகத் தெற்குப் பார்த்து உட்கார்ந்தார், முன்னால் சொல்கிற நல்ல பல்லி அந்தக் கெட்ட பல்லியை அமுக்கிவிடும் என்று. அன்று தீர்ப்புச் சொல்லி முத்திரை குத்தியபோது அவர் பல்லியே தெற்கே சொன்னது. கன்னத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியைத் திருப்பினார். உலகம்மாள் சுவரைப் பார்த்து நின்றாள், தோள் மட்டும் குலுங்கியது.

பொறுத்துப் பார்த்த முத்துப்பேச்சி, ஆனி பிறந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு தானே வந்துவிட்டாள். சம்பந்தம் பேசுகிற இரண்டு வீட்டிலும் நோய் கிடையாது என்பது பேச்சின் முதல் நிபந்தனை. ஆகவே அந்தக் கூடத்தில் கேட்ட சத்தம் எல்லாம் பல்லிதான். மகாராசன் போனைப் பார்த்துச் சிமிட்ட ஒரு பல்லி, முத்துப்பேச்சி வீட்டை நோட்டம் விட்டுச் சிமிட்ட ஒரு பல்லி, காபி கொண்டுவந்த உலகம்மாளோடு வந்தது ஒரு பல்லி. ஒவ்வொன்றுக்கும் பெரியவர்கள் மூன்று தட்டுத் தட்டினார்கள். வாசலில் போனவர்கள், மந்திரமூர்த்தி வீட்டில் தச்சு வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

“நல்ல எடம், நல்ல குடும்பம்” என்றார் மந்திரமூர்த்தி. முத்திரை. கிழக்கே ச்சிக் ச்சிக்.

தெற்கே ச்சிக் ச்சிக்.

“பையன் தங்கம்.” கிழக்கே ச்சிக்.

தெற்கே ச்சிக் ச்சிக் ச்சிக்.

“என்ன அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் சொல்லுதே?” என்றாள் முத்துப்பேச்சி.

“ரெண்டு பக்கமும் சொன்னா என்னன்னு பஞ்சாங்கத்துல போடல, தங்கச்சி.” அவர் நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

“எங்க வீட்டுல எந்நேரமும் வடக்கதான் சொல்லுது, லட்சுமி கடாட்சம். உங்க வீட்டுப் பல்லிக்குத்தான் என்னவோ கோளாறு.” சொன்னவள் வடிவின் பக்கம் திரும்பினாள். “அது இருக்கட்டும். பிள்ள அந்த மாஸ்க்க ஒரு நிமிஷம் கழட்டட்டுமே, மொகத்தப் பாக்கணும்லா.”

மாஸ்க் இல்லாமல் வாயைக் குவிக்க முடியாது. குவிக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் கிழக்கே மட்டும் சொல்லும், நிச்சயத் தட்டு மாறிவிடும். வடிவு தலையைக் குனிந்தாள். பணிவாக ஒரு அடி முன்னால் வந்தாள். இருமினாள். சாதாரண இருமல் இல்லை, போனில் அந்த அம்மணி பேசுவதற்கு முன்னால் ஊரையே நடுங்கவைக்கிற அதே இருமல், அடித்தொண்டையிலிருந்து.

“வேண்டாம் வேண்டாம், போட்டோவுல பாத்ததே போதும்!” முத்துப்பேச்சி வாசலில் இருந்தாள். மகாராசன் அவளுக்கும் முன்னால் வண்டியில் இருந்தான்.

“தூசி!” என்று மந்திரமூர்த்தி தெருவில் நின்று கத்தினார். “வெறுந் தூசி, தங்கச்சி!”

சம்பந்தம் அதோடு அறுந்துவிடவில்லை. இலவசமாக வருகிற பெண்ணை யார் விடுவார்கள்? போனிலேயே பேசி, ஆனிக் கடைசி முகூர்த்தம் என்று முடிவானது. மந்திரமூர்த்தி உறுதிக்கு அடையாளமாகக் கடையிலிருந்து ஒரு ஜோடி குத்துவிளக்குகூடக் கொடுத்தனுப்பிவிட்டார். அந்த நாள்கள் வடிவுக்கு எப்படிப் போயின என்றால், உதடு வெடித்துப் போனது. அப்பா குளித்தால் குளியலறைக்குத் தெற்கே சொன்னாள், சாப்பிட உட்கார்ந்தால் இலைக்குத் தெற்கே சொன்னாள், அவர் போனில் முத்துப்பேச்சியின் எண்ணைத் தேடினால் தேடி முடிக்கவிடாமல் சொன்னாள். அவர் தெற்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், மண்ணெண்ணெய் தெளித்தார், மயிலிறகு மாட்டினார். பல்லி மயிலிறகுக்குப் பின்னாலிருந்து சொன்னது. சோறு இறங்காமல் மெலிந்தார்.

“ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க” என்றாள் உலகம்மாள். “இன்னும் நாலஞ்சு நாள்ல ஆடி பொறந்திரும். ஆடியில கல்யாணம் ஆகாது. ஆவணி வரட்டும், அதுக்குள்ள அந்தச் சனியன் பிடிச்ச பல்லி சாகாமலா போயிரும்?”

யோசித்தார். தெற்கே ஒன்றும் சொல்லவில்லை. “சரி, ஆவணி” என்றார்.

ஆடி பிறந்தது. ஆடிக் காற்று வந்து காய்ந்த கண்ணையெல்லாம் இன்னும் காயவைத்தது. அந்தக் காற்றிலேயே விமானமும் பறக்க ஆரம்பித்தது. கம்பெனி உடனே வரச் சொன்னது என்று மகாராசன் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். போன வேகத்தைப் பார்த்தவர்கள் கம்பெனி கூப்பிட்டிருக்காவிட்டாலும் போயிருப்பான் என்றார்கள். ஆவணியில் வடிவுக்குப் பதினெட்டு ஆனது. உலகம்மாள் போனிலேயே கல்லூரியில் இடம் கேட்டு வாங்கியிருந்தாள். இந்த வாரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்றிருந்தார்கள். அப்பாவின் வாயிலிருந்து ஒரு ‘சரி’ வர வேண்டும். அதைக் கேட்க இரண்டு பேரும் தெம்பைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பகல் பொழுதில், குத்துவிளக்கு இரண்டையும் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு முத்துப்பேச்சி வந்து நின்றாள்.

அவளிடம் ச்சிக் இல்லை. சிமிட்டினாள், சத்தம் வரவில்லை.

“அண்ணாச்சி, வெளக்கத் திருப்பிக் குடுக்க வந்தேன். மனசுல ஒண்ண வச்சிக்கிட்டு இருக்க முடியல, சொல்லிருதேன்” என்று உட்கார்ந்தாள். “எங்க வீட்டுல பல்லி சொல்லுதுன்னு சொன்னேம்லா? அடுப்படிக்குப் போனா அடுப்படியில சொல்லுச்சு, மச்சுக்குப் போனா மச்சுல சொல்லுச்சு. பல்லிக்கு எம்மேல இம்புட்டுப் பாசமான்னு நானும் பூரிச்சுப் போயிட்டேன். பால் வச்சேன், அண்ணாச்சி. சுவத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வச்சேன். அது சொல்லித்தான் உங்க மகளக் கேட்டேன், அது சொல்லித்தான் எம்மவன ஷார்ஜாவுக்கு ஏத்துனேன். போன வாரம் கண்ணு எரிஞ்சு தாங்காம டாக்டர்ட்ட போனேன். இந்தா, இந்தக் குப்பியில ரெண்டு சொட்டு விட்டாரு.” இடுப்பிலிருந்து சின்னக் குப்பியை எடுத்துக் காட்டினாள். “பல்லி போச்சு! எங்கண்ணு அண்ணாச்சி, எங்கண்ணு! இம்புட்டு நாளும் என் எமைக்குத்தான் நான் பால் வச்சிருக்கேன்!”

இதோ, சொன்ன சிரிப்பு.

மந்திரமூர்த்தியின் மூக்கிலிருந்து முதலில் ஒரு காற்று வந்தது. மீசை துடித்தது. “கண்ணா?” என்றார். “கண்ணுக்கா பொட்டு வச்ச?” என்றார். அப்புறம் பாத்திர அடுக்கு சரிந்த மாதிரி ஒரு சத்தம், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். “அட கூறுகெட்டவளே! தன் கண்ணு சிமிட்டுதது தனக்குத் தெரியாதா? தன் மூஞ்சியில கத்துதத சுவத்துல தேடியிருக்கா! இப்படியும் ஒரு முட்டாள் உண்டுமா, உலகம்மா?” நாற்காலி ஆடியது, வேட்டி நெகிழ்ந்தது, தொடையில் அடித்துக்கொண்டார். கட்டிய நாளிலிருந்து கேட்காத சத்தத்தைக் கேட்டு உலகம்மாள் தண்ணீர் எடுக்க ஓடினாள், பாதி வழியில் அவளுக்கும் பிடித்துக்கொண்டது, சொம்போடு தரையில் உட்கார்ந்தாள். முத்துப்பேச்சி கோபிக்கப் பார்த்தாள், முடியவில்லை, அவளும் சிரித்தாள். குடத்தருகில் நின்ற வடிவு மூச்சு முட்டச் சிரித்தாள். மாஸ்க் நனைந்து வாயில் ஒட்ட, கழற்றி ஒரு காதில் தொங்கவிட்டாள்.

சிரித்த சிரிப்பில் மந்திரமூர்த்தியின் கண்ணில் நீர் சுரந்தது. கோடை முழுக்க வறண்டு கிடந்த கண்ணில் பொங்கி, மூக்கோரம் வழிந்து, மீசையில் இறங்கியது. எல்லார் கண்ணிலும் நீர். சிரிப்பு அடங்கியபோது வீடு அமைதியாக இருந்தது. ஊரடங்கு வந்ததிலிருந்து அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கிழக்கே பார்த்து.

“சரி, போகட்டும். ஷார்ஜா இல்லாட்டி தென்காசி. நம்ம ஒண்ணுவிட்ட மச்சினன் பையன் இருக்கான், தையில முடிச்சிருவோம். காலேஜும் வேண்டாம், கத்திரிக்காயும் வேண்டாம்.” கண்ணை இறுக மூடித் திறந்தார். விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

ஒன்றும் இல்லை.

கிழக்குச் சுவரை அண்ணாந்து பார்த்தார். “தையில முடிச்சிருவோம்னேன்” என்று சுவரிடம் சொன்னார். மறுபடி மூடித் திறந்தார், இன்னும் இறுக்கமாக. இமை வழுவழுவென்று இறங்கி வழுவழுவென்று ஏறியது. ஒரு சத்தம் இல்லை. கிழக்கே சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு கரண்டிகூட இடம் மாறியதில்லை.

அப்போது, ‘தையில’ என்ற சொல் காதில் விழுந்த பதற்றத்தில், பழகிப்போன நாக்கு தன்பாட்டுக்கு எழும்ப, தெற்கே சொன்னது.

ச்சிக், ச்சிக்.

ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டு நாற்காலிக் கையில் விழவில்லை. முத்துப்பேச்சியைப் பார்த்தார், சொட்டு மருந்துக்காரி. மனைவியைப் பார்த்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரம். எல்லாம் ஈரம். மெதுவாகத் தெற்கே திரும்பினார். குடம் இருந்தது. மயிலிறகு இருந்தது. நடுவில் மாஸ்க் ஒரு காதில் தொங்க மகள் நின்றாள், கண் குளமாக, புளியங்காய் சப்பியவள் மாதிரி உதடு இன்னும் குவிந்தபடி.

“ஏட்டி” என்றார். “தெக்கால சொன்னது நீயா?”

வடிவு உதட்டைப் பிரித்தாள். “படிக்கப் போறேம்ப்பா” என்றாள். யாருடைய குரலும் இல்லை அது. அவர் அதை முதல் தடவையாகக் கேட்பவர் போலக் கேட்டார்.

கொஞ்ச நேரம் யாரும் சிமிட்டவில்லை.

“சரி” என்றார் மந்திரமூர்த்தி, அவளுக்குச் சொன்ன பதிலா, தனக்குள் கூட்டிப்பார்க்கிற கணக்கா என்று தெரியாத குரலில். “அப்போ, கிழக்க சொன்னது?”

முத்துப்பேச்சி கையிலிருந்த குப்பியைக் குனிந்து பார்த்தாள். உலகம்மாள் எழுந்து, இத்தனை நாளும் பல்லி தேடிய துடைப்பத்தை எடுத்து மூலையில் சாத்தினாள்.

மந்திரமூர்த்தி, தட்டுவதற்கு மடக்கிய விரலை மெதுவாக நிமிர்த்தி, அந்த விரலாலேயே தன் இமையைத் தொட்டுப் பார்த்தார்.